'10,000 லுமென்' டார்ச் லைட்: பெட்டியில் போட்டிருப்பது உண்மையா? இரவு போட்டோவில் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

2024 நவம்பர் 30 இரவு. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, மறுநாள் காலை ராணுவம் வந்துதான் மக்களை மீட்டது. கரண்ட் இல்லாத அந்த இரவில் பலரின் கையில் இருந்த ஒரே வெளிச்சம் செல்போன் லைட். அதுவும் சார்ஜ் தீரும் வரைதான்.

அதற்கு முன் 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். அப்போதும் நாட்கணக்கில் இருட்டு. அதனால் அக்டோபர் பிறந்தாலே புதுச்சேரியில் டார்ச் லைட் தேடுபவர்கள் அதிகம். மகாத்மா காந்தி சாலையில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டிலும் சரி, ஆன்லைனிலும் சரி, சில நூறு ரூபாய்க்கு '10,000 லுமென்', '2 கிலோமீட்டர் வரை பாயும்' என்றெல்லாம் எழுதிய லைட்டுகள் கிடைக்கின்றன. கூடவே ஒரு போட்டோவும் இருக்கும். காட்டையே பகலாக்கும் ஒரு ஒளிக்கற்றை.

அந்த போட்டோவை நம்பலாமா? உங்கள் கையில் இருக்கும் லைட்டையும் பக்கத்து வீட்டு லைட்டையும் நீங்களே போட்டோ எடுத்து ஒப்பிட முடியுமா? முடியும். ஆனால் செல்போனை எடுத்து அப்படியே 'கிளிக்' செய்தால் கிடைக்கும் படம், கடைக்காரர் சொன்னதைவிடப் பெரிய பொய்யைச் சொல்லும்.

லுமென் வேறு, தூரம் வேறு

முதலில் இரண்டு அளவுகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். லுமென் என்பது லைட்டிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளியே வரும் மொத்த ஒளி. காண்டெலா என்பது ஒரு குறிப்பிட்ட திசையில் அந்த ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸை நினைத்துக்கொள்ளுங்கள். வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் தூரமாகப் பாயும். ஆனால் வெளியே வரும் தண்ணீர் கூடிவிடாது.

டார்ச் லைட்டுகளை அளக்க அமெரிக்காவில் 2009-ல் வந்த எஃப்.எல்.1 என்ற தர விதிமுறையை இன்று உலகம் முழுக்க நல்ல கம்பெனிகள் பின்பற்றுகின்றன. அதன்படி, ஒளி 0.25 லக்ஸ் அளவுக்குக் குறையும் இடம் வரைக்கும்தான் அந்த லைட்டின் 'தூரம்'. 0.25 லக்ஸ் என்றால் ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். கணக்கு ரொம்ப எளிது. காண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் விடை வரும். 10,000 காண்டெலா என்றால் 200 மீட்டர்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1,000 லுமென் தரும் ஒரு லைட்டின் செறிவு 5,000 காண்டெலாதான் என்றால் அது எட்டும் தூரம் சுமார் 140 மீட்டர். 400 லுமென் மட்டுமே தரும் இன்னொன்று ஒளியைக் குவித்து 40,000 காண்டெலா தந்தால், 400 மீட்டர் போகும். எது நல்லது? வீட்டுக்குள்ளும் தெருவிலும் நடக்க முதல் லைட். படகிலிருந்து கரையைத் தேட இரண்டாவது. அதோடு, 'தூரம்' என்று அச்சிட்ட எண்ணின் கடைசியில் நிலா வெளிச்சம்தான் மிஞ்சும் என்பதால், அங்கே நிற்பது நாயா, குப்பைத் தொட்டியா என்று தெரிந்துவிடும் என எதிர்பார்க்க வேண்டாம். பாதித் தூரத்தில் வெளிச்சம் நான்கு மடங்கு. அதைத்தான் நம்பலாம்.

பெட்டியிலேயே பிடிபடும் பொய்

போட்டோ எடுப்பதற்கு முன்பே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வெள்ளை எல்.இ.டி. ஒரு வாட் மின்சாரத்தில் சாதாரணமாக 100 முதல் 150 லுமென் வரை தரும். தாராளமாக 200 என்றே வைத்துக்கொள்வோம். அப்போ 10,000 லுமெனுக்குக் குறைந்தது 50 வாட் வேண்டும்.

சார்ஜ் போடும் டார்ச்சுகளில் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற, கட்டைவிரல் தடிமனுள்ள லித்தியம் பேட்டரி. 3.6 வோல்ட், 3,000 எம்.ஏ.எச். என்றால் அதில் உள்ள மொத்த மின்சாரமே சுமார் 11 வாட்-ஹவர். 50 வாட் இழுத்தால் 13 நிமிடத்தில் காலி. அதுவரைக்கும் 14 ஆம்பியர் ஓட வேண்டும், வெப்பம் கையைச் சுடும். ஆனால் பெட்டியில் '8 மணி நேரம் எரியும்' என்றும் போட்டிருப்பார்கள். இரண்டில் ஒன்று பொய். பல நேரம் இரண்டுமே.

பேட்டரியின் மேல் '9,900 எம்.ஏ.எச்.' என்று எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்த அளவு பேட்டரியில் நல்ல கம்பெனி தயாரிப்பே 3,500, 4,000-க்குள்தான் நிற்கிறது. நகைக்கடைத் தராசு கிடைத்தால் எடை போட்டுப் பாருங்கள். உண்மையான 18650 பேட்டரி 45 கிராமை ஒட்டி இருக்கும். அதைவிட மிகவும் லேசாக இருந்தால் உள்ளே சரக்கு குறைவு.

செல்போன் ஏன் பொய் சொல்கிறது?

செல்போன் கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்யும். அதன் வேலையே எல்லாப் படத்தையும் 'நல்ல படமாக' மாற்றுவதுதான். மங்கலான டார்ச்சை அடித்தால் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து படத்தைப் பிரகாசமாக்கும். பிரகாசமான டார்ச்சை அடித்தால் படத்தை இருட்டாக்கும். விளைவு என்னன்னா, 100 லுமெனும் 1,000 லுமெனும் போட்டோவில் ஒரே மாதிரி தெரியும்.

நைட் மோடு இதைவிட மோசம். அது பல படங்களை எடுத்து அடுக்கி, நிழலைத் தூக்கி, வெளிச்சத்தை இறக்கி ஒரே படமாக்குகிறது. செல்லப் பிராணியைப் படம் எடுக்க அருமையான வசதி. டார்ச்சை ஒப்பிட மட்டும் கூடவே கூடாது.

நிறமும் அப்படியே. ஒயிட் பேலன்ஸ் 'ஆட்டோ'வில் இருந்தால் நீலம் கலந்த வெள்ளை ஒளியையும் மஞ்சள் ஒளியையும் கேமரா ஒரே வெள்ளையாக்க முயலும்.

ஆன்லைன் விற்பனைப் பக்கத்தில் உள்ள படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஷட்டரை 10 விநாடி திறந்து வைத்தால் சாதாரண பேனா டார்ச்கூட தென்னந்தோப்பையே ஒளிர வைத்துவிடும். படத்தில் வானத்து நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிகின்றனவா, கடல் அலை பஞ்சு மாதிரி மழுங்கித் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது நீண்ட நேர எக்ஸ்போஷர். அதே இடத்தில் டார்ச் இல்லாமல் எடுத்த படம் பக்கத்தில் இல்லையென்றால் அந்தப் போட்டோவுக்கு மதிப்பே இல்லை.

எங்கே, எப்படி எடுப்பது?

புதுச்சேரிக்காரர்களுக்கு முதலில் தோன்றும் இடம் கடற்கரைச் சாலைதான். மாலையில் வண்டிகள் வராது, நீளமான நேர் சாலை. ஆனால் தெருவிளக்கு வெளிச்சமே அங்கே டார்ச்சைத் தின்றுவிடும். வேண்டாம். ஒயிட் டவுனின் நேர்கோட்டுத் தெருக்கள் தூரம் அளக்க வசதிதான், ஆனால் அங்குள்ள பிரபலமான மஞ்சள் சுவர்கள் இன்னொரு சிக்கல். மஞ்சள் சுவரில் எந்த லைட்டை அடித்தாலும் அது மஞ்சளாகத்தான் தெரியும். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். யார் வீட்டு ஜன்னலிலும் அடித்து வம்பை வாங்க வேண்டாம். மொட்டை மாடியின் தண்ணீர்த் தொட்டிச் சுவர்கூடப் போதும்.

தூரத்துக்கான படத்துக்குத் தெருவிளக்கு இல்லாத திறந்தவெளி வேண்டும். ஊரை விட்டு வெளியே வந்தால் பாகூர் பக்கம் வயல்வெளிகள் உண்டு. 50 மீட்டர், 100 மீட்டரில் ஒரு மரமோ மோட்டார் கொட்டகையோ இருந்தால் நல்லது. பகலிலேயே தூரத்தை நடந்து அளந்து வைத்துவிடுங்கள். அமாவாசையை ஒட்டிய இரவு சிறந்தது. பௌர்ணமியில் ஷட்டரைச் சில விநாடி திறந்தாலே நிலா வெளிச்சம் படத்தில் ஏறிவிடும்.

செல்போனை ஸ்டாண்டில் அசையாமல் வையுங்கள். கேமராவில் 'புரோ' அல்லது 'மேனுவல்' மோடுக்குப் போங்கள். உங்கள் போனில் அது இல்லையென்றால் மேனுவல் வசதி தரும் கேமரா செயலி ஏதாவது ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். வெள்ளைச் சுவருக்கு 5 மீட்டரில் நின்று எடுத்தால் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/60 விநாடி என்று ஆரம்பிக்கலாம். 50 மீட்டர் தள்ளியுள்ள மரத்துக்கு ஐ.எஸ்.ஓ. 400, ஷட்டர் 1 விநாடி. ஒயிட் பேலன்ஸை 5,000 கெல்வினில் நிறுத்துங்கள். ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள்.

இந்த எண்கள் வேதவாக்கு அல்ல. இருப்பதிலேயே பிரகாசமான லைட்டை முதலில் அடித்து, அதன் நடுப்பகுதி வெறும் வெள்ளைப் பொட்டாக எரிந்துபோகாத அளவுக்கு ஷட்டரைக் குறையுங்கள். பிறகு எந்த எண்ணையும் தொடக் கூடாது. எல்லா லைட்டையும் அதே இடத்தில், அதே உயரத்தில் வைத்து, முழு சார்ஜில், ஆன் செய்து 30 விநாடி கழித்து எடுங்கள். எஃப்.எல்.1 விதிமுறையும் 30 விநாடி முதல் 2 நிமிடத்துக்குள்தான் லுமெனை அளக்கச் சொல்கிறது. காரணம், பல லைட்டுகள் முதல் சில விநாடிகள் மட்டும் ஜொலித்துவிட்டு அடங்கிவிடும்.

கடைசியாக, எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு ஒரு படம். இது கறுப்பாகவே வர வேண்டும். வரவில்லையென்றால் சுற்றுப்புற வெளிச்சம் கலந்திருக்கிறது என்று அர்த்தம், இடத்தை மாற்றுங்கள்.

இவ்வளவு வேலை செய்யப் பொறுமை இல்லையா? ஒரே ஒரு படம் போதும். இரண்டு லைட்டையும் ஒரே சுவரில், பக்கத்துப் பக்கத்தில் அடித்து ஒரே போட்டோவாக எடுங்கள். கேமரா எப்படிச் சரிசெய்தாலும் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சரிசெய்யும். ஆட்டோ மோடில் ஓரளவுக்காவது நம்பக்கூடிய ஒப்பீடு இது ஒன்றுதான்.

எத்தனை மடங்கு என்று கண்டுபிடிக்க முடியுமா?

இதற்கு விடை கொடுத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பியர் பூகே என்ற விஞ்ஞானி, 1729-ல் ஒளியை அளப்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'இது அதைவிட எத்தனை மடங்கு பிரகாசம்' என்று மனிதக் கண்ணால் சொல்ல முடியாது, ஆனால் 'இரண்டும் சமமா' என்று கேட்டால் கண் துல்லியமாகச் சொல்லும். பூகேயின் முறைக்கு இதுதான் அடிப்படை. மெழுகுவர்த்தியை நடுவில் வைத்து ஒப்பிட்டே, சூரிய ஒளி பௌர்ணமி நிலவைப்போல் சுமார் 3 லட்சம் மடங்கு என்று அவர் கணக்கிட்டார். இன்றைய மதிப்பு சுமார் 4 லட்சம். மெழுகுவர்த்தியை வைத்து அவ்வளவு நெருங்கியது பெரிய விஷயம்.

அதே வழியைச் செல்போனிலும் செய்யலாம். முதல் லைட்டை 1/60 விநாடியில் படம் எடுங்கள். இரண்டாவது லைட்டை 1/30, 1/15, 1/8 என்று ஷட்டரை மாற்றி மாற்றி எடுங்கள். எந்தப் படம் முதல் படத்தோடு ஒத்துப்போகிறது? 1/15 என்றால் முதல் லைட் நான்கு மடங்கு செறிவானது. ஒவ்வொரு படியும் இரண்டு மடங்கு, அவ்வளவுதான்.

இந்த நான்கு மடங்கு உங்கள் கண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் தெரியும். 500 லுமென் லைட்டை விட்டு 600 லுமெனுக்கு மாற காசு கொடுப்பதில் அர்த்தமில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

கேமராவே வேண்டாம் என்றால் வடை வைத்துக் கொடுத்த தாள் போதும். 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் ராபர்ட் புன்சன் பயன்படுத்திய உத்தி இது. வெள்ளைத் தாளில் எண்ணெய்ப் பொட்டு ஒன்று வைத்து, இருட்டு அறையில் இரண்டு டார்ச்சுக்கும் நடுவில் பிடியுங்கள். பொட்டு பளிச்சென்று தெரிந்தால் பின்பக்க வெளிச்சம் அதிகம். கறுப்பாகத் தெரிந்தால் உங்கள் பக்கம் அதிகம். தாளை நகர்த்தும்போது ஓர் இடத்தில் பொட்டு மறைந்துபோகும். அங்கே இரண்டு வெளிச்சமும் சமம். ஒரு டார்ச் 2 மீட்டரிலும் இன்னொன்று 4 மீட்டரிலும் இருந்தால், தூரத்தில் இருப்பது நான்கு மடங்கு செறிவு.

இதெல்லாம் காண்டெலாவை ஒப்பிடும் வழிகள். மொத்த லுமெனை ஒப்பிட வேண்டுமென்றால் சின்ன அறையில் டார்ச்சை நிமிர்த்தி வைத்து மேல்கூரையைப் பார்த்து அடியுங்கள். கூரையில் பட்டுச் சிதறும் ஒளி அறை முழுக்கப் பரவும். ஒரு மூலையில், நேர் வெளிச்சம் படாத இடத்தை அதே கேமரா அமைப்பில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். கரண்ட் போன நேரத்தில் வீட்டுக்குள் டார்ச்சை வைக்கச் சிறந்த முறையும் இதுதான். முகத்தில் அடிக்காது, அறை முழுக்க வெளிச்சம்.

படத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

சுவரில் விழும் வட்டத்தில் நடுவில் பிரகாசமான பொட்டு, அதைச் சுற்றி மங்கலான ஓர வெளிச்சம் என இரண்டு பகுதி இருக்கும். நடுப்பொட்டு தூரத்துக்கு. ஓர வெளிச்சம் காலடிக்கு. வெள்ளம் வடிந்த தெருவில் நடப்பவருக்கு ஓர வெளிச்சம்தான் உயிர் காப்பது. மூடி திறந்த சாக்கடையும், வரப்போரம் சுருண்டு கிடக்கும் பாம்பும் நடுப்பொட்டுக்குள் வந்து நிற்காது.

ஜூம் டார்ச்சை இழுத்து முழுதாகக் குவித்தால் சுவரில் ஒரு சதுரம் விழும். அது வேறொன்றுமில்லை, உள்ளே இருக்கும் எல்.இ.டி. சில்லின் உருவம். பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் அப்போது லென்ஸில் படாத ஒளி குழாய்க்குள்ளேயே வீணாகிறது, ஓர வெளிச்சமும் அறவே இருக்காது.

லென்ஸால் ஒளியைக் குவிப்பது பழைய வித்தைதான். கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே நிற்கும் பழைய கலங்கரை விளக்கம் 1836-ல் எரியத் தொடங்கியபோது உள்ளே இருந்தது எண்ணெய் விளக்கு. 1979-ல் புதிய கலங்கரை விளக்கம் வந்த பிறகு அது ஓய்வுபெற்றது. சிறிய விளக்கின் ஒளியையும் பல மைல் தூரம் கடலுக்குள் அனுப்பலாம் என்று 1820-களில் தன் லென்ஸால் காட்டிய ஃப்ரெனெலும் பிரெஞ்சுக்காரர்தான்.

நிறத்தைச் சோதிக்கச் சுவர் முன்னால் ஒரு தட்டில் மஞ்சள்தூள், குங்குமம், பச்சை வெற்றிலை வைத்து எடுங்கள். மலிவான நீல வெள்ளை லைட்டில் குங்குமம் செத்துப்போய்ப் பழுப்பாகத் தெரியும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று பெயர். 90-க்கு மேல் இருந்தால் நல்லது. சேற்று நிறத் தண்ணீரில் சேற்று நிறப் பாம்பைப் பிரித்துப் பார்க்க லுமெனைவிட இது உதவும்.

ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்: காற்றில் வாள் மாதிரி நீளும் ஒளிக்கற்றை. அது டார்ச்சின் பலம் அல்ல. காற்றில் உள்ள ஈரமும் தூசியும் ஒளியைச் சிதறடிப்பதால் தெரிவது. கடலோர ஊரில் பனிக்கால இரவில் சுமாரான டார்ச்கூட இந்த வாளைக் காட்டும். சிதறும் ஒளி உங்கள் கண்ணுக்கே திரும்பி வருவதால், மழையில் உண்மையில் குறைவாகத்தான் பார்ப்பீர்கள்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

புயல் இரவுக்கு முக்கியமான போட்டோ முதல் போட்டோ அல்ல. டார்ச்சை அணைக்காமல் அதே சுவரில் 10 நிமிடம், 1 மணி நேரம், 3 மணி நேரம் கழித்து அதே அமைப்பில் எடுக்கும் படங்கள். எஃப்.எல்.1-ன்படி 'எரியும் நேரம்' என்பது வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 10 சதவீதமாகக் குறையும் வரை. அதாவது '6 மணி நேரம்' என்று நேர்மையாக எழுதிய லைட்கூட கடைசி நேரங்களில் பத்தில் ஒரு பங்குதான் எரிந்துகொண்டிருக்கலாம். நாலு படத்தையும் வரிசையாக வைத்தால் எது உழைக்கும் லைட், எது பந்தா லைட் என்று தெரிந்துவிடும். தண்ணீர் விஷயத்தில் ஐ.பி.எக்ஸ்.4 என்றால் மழைச்சாரல் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும்.

நம்மூரில் பல வீடுகளில் இன்றும் இதற்குப் பெயர் 'பேட்டரி லைட்'. தேர்தல் ஆணையத்தின் பட்டியலிலும் இது 'பேட்டரி டார்ச்'தான். 2020 டிசம்பரில் மக்கள் நீதி மய்யத்துக்கு இந்தச் சின்னம் முதலில் புதுச்சேரிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டு, தமிழ்நாட்டுக்கு 2021 ஜனவரியில்தான் கிடைத்தது.

கடற்கரையில் சோதனை செய்வோர் கவனத்துக்கு: ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கடலோரத்தில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும் காலம். வெள்ளை வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி நகரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது. அந்த மாதங்களில் மணல்பரப்பில் டார்ச் சோதனை வேண்டாம்.

வாங்கிய லைட் பெட்டியில் சொன்னதில் பாதி வெளிச்சம்கூடத் தரவில்லை என்றால், பில், பெட்டியில் எழுதியிருக்கும் எண், நம்பகமான ஒரு லைட்டோடு ஒரே படத்தில் எடுத்த ஒப்பீட்டு போட்டோ மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பொய்யான விளம்பரம் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். முதலில் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.